களஞ்சியத்திலேயே குப்பையாகும் மருந்து

கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்யும் கமக்காரப் பெருமக்களே, வைத்தியசாலை நலன்புரிச் சங்கத்து உறவுகளே, தாய்மாரே!

பிரித்தானியாவிலிருந்து வந்த கொள்கலன்களை 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் திறந்தபோது நாடே கொதித்தது. பழைய மெத்தை, கம்பளம் என்று பத்திரத்தில் எழுதி அனுப்பியவற்றுள் மருத்துவக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கம் சொன்னது. வழக்காடினோம். 263 கொள்கலன்களையும் திருப்பி அனுப்பினோம். கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் புறப்பட்டது. பிறர் கொட்டிய குப்பைக்கு எதிராக நின்ற நாம், நமது காசில் வாங்கும் மருத்துவப் பொருட்களை நாமே குப்பையாக்குவதைக் கேள்வி கேட்டோமா?

சேலைன் பை, குழாய், கையுறை, பரிசோதனைப் பொருள் எல்லாவற்றிலும் காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருக்கிறது. தேவைக்கு மிஞ்சி வந்த பெட்டி, ஒரு நோயாளியையும் தொடாமலே எரியூட்டிக்குப் போகிறது. அவற்றில் பல பிவிசி பிளாஸ்டிக். 850 பாகை செல்சியசுக்குக் குறைந்த சூட்டில் அதை எரித்தால் டையொக்சின் என்ற நஞ்சு கிளம்பும். அது மண்ணில் படியும், மாடு மேயும் புல்லில் படியும், பாலில் வந்து சேரும். ஆகவே எரியூட்டியைத் திருத்தினால் மட்டும் போதாது. கொள்வனவுக் கட்டளை எழுதும் மேசையிலேயே இந்தக் குப்பை பிறக்கிறது.

கமக்காரரே, அளந்து திட்டமிடுவது உங்களுக்குப் புதிதல்ல. சிறுபோகக் கூட்டத்தில் குளத்துத் தண்ணீரை அளக்காமல் ஏக்கரைப் பிரிக்க விடுவீர்களா? மருந்துக் களஞ்சியத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். போன வருடம் எவ்வளவு செலவானது, கையில் எவ்வளவு உண்டு, எது முதலில் காலாவதியாகும் என்று பார்த்தே கட்டளை எழுத வேண்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும். நானாட்டான் வைத்தியசாலையில் தேங்குவது முருங்கன் வைத்தியசாலைக்கு உதவுமென்றால், திகதி முடியுமுன் அங்கே போகட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் துண்டுச் சீட்டோடு மருந்துக்கு அலைந்த சனம் நாங்கள். ஒரு பெட்டி வீணாவதும் எங்களுக்கு வலிக்க வேண்டும்.

நன்கொடையைப் பற்றியும் மனம் திறந்து சொல்கிறேன். பொஸ்னியப் போரின்போதும் அது முடிந்த கையோடும், 1992க்கும் 1996க்கும் இடையில், உதவி என்று வந்து பயன்படாமல் போன மருந்து ஏறத்தாழ 17,000 தொன். அதை அழிப்பதே தனிச் செலவாயிற்று. நன்கொடையாக வரும் இயந்திரங்களும் அப்படித்தான். உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால், அதற்கான இரசாயனம் தொடர்ந்து வராவிட்டால், பழுதுபார்க்க ஆளில்லாவிட்டால், நல்ல இயந்திரமும் மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். கொடுக்கும் மனத்தை நான் குறை சொல்லவில்லை. புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளின் கை இந்த மண்ணைத் தாங்கியிருக்கிறது.

நலன்புரிச் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆறு மாதத்தில் காலாவதியாகும் பொருட்களின் பட்டியலை மாதாமாதம் வைத்தியசாலையிடம் கேட்டு வாங்குங்கள். அயல் வைத்தியசாலைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். தாய்மாரே, லண்டனுக்கும் கனடாவுக்கும் பேசும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பெட்டி கட்டுமுன் வைத்தியசாலையின் தேவைப் பட்டியலைக் கேட்கட்டும், வந்து சேரும் நாளில் காலாவதியாகக் குறைந்தது ஒரு வருடமாவது மிச்சமிருக்கும் மருந்தையே அனுப்பட்டும், இயந்திரமென்றால் உதிரிப்பாகத்தையும் சேர்த்து அனுப்பட்டும்.