கப்பலேறிப் போனவர் சொல்லும் கதை



போய் வந்த ஊரைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது நம் பக்கத்தில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். யாரும் அதை ஒரு கலை என்று எண்ணிக் கற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் நன்றாகச் சொல்கிறவருக்கும் ஏதோ சொல்லிவைக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கப்பலில் தீவுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் கதை.

நம் ஊர்களான ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை, கிழக்கே கரிசல்காடு. கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊர்களில் இப்போது தீவுக் கதை காதில் விழுகிறதென்றால் அதற்கு ரயில்தான் காரணம். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. மதுரையிலிருந்து குருவாயூர் போகிற ரயில் நம் இரண்டு ஊரிலும் நின்று, எர்ணாகுளம் வழியாகப் போகிறது. எர்ணாகுளத்தில் இறங்கினால் கொச்சித் துறைமுகம், அங்கிருந்து லட்சத்தீவுக் கப்பல்.

லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு ‘சமுத்ரம்’ என்ற பெயரில் ஒரு பயணம் நடத்துகிறது. கப்பலின் பெயர் எம்.வி. கவரத்தி. சுமார் 700 பேர் ஏறக்கூடியது. இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலில் தீவில் இறக்கிவிடும், பொழுது சாய்வதற்குள் திரும்பக் கப்பலுக்கு வந்துவிட வேண்டும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். படுக்கை, சாப்பாடு எல்லாம் கப்பலிலேயே.

போய் வந்தவர்களிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “சூப்பர். தண்ணி அப்படியே பச்சைக் கண்ணாடி. சொர்க்கம்” என்பார்கள். அடுத்ததாகக் காலையில் என்ன டிபன், மத்தியானம் மீன் இருந்ததா, காபி எப்படி என்று வரும். பிறகு கைபேசியை எடுத்து நூறு படம் காட்டுவார்கள். படங்கள் முடிகிறபோது கதையும் முடிந்துவிடும். கேட்டவர் மனசில் ஒன்றும் தங்காது. சொர்க்கம் என்று சொன்ன மாத்திரத்தில் தீவு மறைந்துவிடுகிறது. எந்தத் தீவுக்கும் அந்தச் சொல் பொருந்துமே!

இதற்கு மாறாக நான் கேட்ட இரண்டு கதைகளைச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். கடலின் அழகைப் பற்றி அவர் முதலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. “கீழ்த்தட்டுல படுக்கை கொடுத்தாங்க தம்பி. இன்ஜின் சத்தத்துல ஒருத்தரும் தூங்கலை. எனக்கு மட்டும் ராத்திரி ஷிப்ட் முடிச்சுப் படுத்த மாதிரி நல்ல தூக்கம்” என்று ஆரம்பித்தார். அந்த ஒரு பேச்சில் கப்பலின் வயிற்றுக்குள் நானும் போய்விட்டேன். மில் ஊர்க்காரர் எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

அடுத்துத் தீவில் இறங்குவதைச் சொன்னார். லட்சத்தீவுகள் பவளப்பாறைத் தீவுகள். தீவைச் சுற்றிப் பாறை வளையம், அதற்கு உள்ளே ஆழமில்லாத கடற்கழி. பெரிய கப்பல் அதற்குள் போக முடியாது, வெளியே ஆழத்தில் நின்றுகொள்ளும். தீவிலிருந்து சின்னப் படகுகள் வரும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கிறது. வாசலில் இரண்டு ஆட்கள், படகில் இரண்டு ஆட்கள். அலை படகைத் தூக்குகிறது, இறக்குகிறது. “அவசரப்படக் கூடாது. படகு மேலே வர்ற நேரம் பார்த்து ‘இப்போ’ன்னு சொல்லுவான். அப்போ கால் வைக்கணும். யோசிச்சா அடுத்த அலைதான்.” தன் மனைவி மூன்று அலைகளை விட்டுவிட்டு நான்காவது அலையில் கால் வைத்ததைச் சொல்லும்போது அண்ணாச்சியின் இரண்டு கைகளும் படகுக்காரரின் கைகளாகவே மாறிவிட்டன. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறவர் அங்கே பயப்பட மாட்டார். முழங்கால் வலி உள்ளவர் வீட்டிலிருந்தே யோசித்துக்கொள்வார்.

இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியை. கவரத்தியில் எல்லாரும் கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் குடிதண்ணீரைப் பற்றி விசாரித்திருக்கிறார். தண்ணீர் கஷ்டம் தெரிந்த ஊர்க்காரருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். லட்சத்தீவில் மொத்தம் 36 தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அதிகமாக இறைத்தால் கிணறு உப்பாகிவிடும். அதற்காகக் கவரத்தியில் 2005-இல் ஒரு நிலையம் அமைத்தார்கள். அமைத்தது நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரைக் குழாயில் மேலே கொண்டுவருகிறார்கள். மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பானது. அதைக் காற்றழுத்தம் குறைந்த கலனுக்குள் விட்டால், அடுப்பே இல்லாமல் ஆவியாகிறது. அந்த ஆவி ஆழ்கடல் நீரின் குளிர்ச்சி பட்டு நல்ல தண்ணீராகிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும்படி கட்டியது. ஆசிரியை இதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாராம். ஒரு தீவுப் பயணத்தின் பலன் இவ்வளவு தூரம் போக முடியும்.

மினிக்காயைப் பற்றியும் அவர் சொன்னார். மற்றத் தீவுகளில் மலையாளம் கலந்த பேச்சு, மினிக்காயில் மட்டும் மாலத்தீவுக்காரர்களின் மொழிக்கு நெருங்கிய மஹல். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தால் தீவு முழுவதும் தென்னந்தோப்பாகத் தெரியும். சூரை மீனை அவர்கள் வலை போட்டுப் பிடிப்பதில்லை. உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் இறைத்துச் சூரைக் கூட்டத்தை வரவழைத்து, தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். பிடித்த மீனை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்தால் மாசி. நம் பக்கத்துக் கடைகளில் கருவாட்டோடு தொங்குகிற அதே மாசிதான். சமையல்கட்டிலிருந்து தீவுக்கு ஒரு கயிறு கட்டிவிட்டார் அந்த அம்மையார். சாப்பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிப் பேச வேண்டும் என்கிறேன்.

தெற்கத்தி மக்களுக்குக் கப்பல் கதை புதிதும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடியிருக்கின்றன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை ஓடியது. இலங்கைக்குத் தோட்டத்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய் வந்தவர்கள் அன்றைக்குச் சொன்ன கதைக்கு ஒரு கடமை இருந்தது. அடுத்துப் போகிறவனுக்கு, பயணிகளைச் சோதிக்கும் மண்டபம் முகாமில் என்ன நடக்கும், கையில் என்ன காகிதம் வேண்டும், வாந்தி வந்தால் என்ன செய்வது என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கடமையை இன்றைய உல்லாசப் பயணி மறந்துவிடக் கூடாது.

பயணம் சொல்லும் இந்தக் கலைக்குத் தமிழில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. ‘உலகம் சுற்றும் தமிழன்’ ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. 1940-இல் அந்தப் படம் வெளிவந்தது. அவருடைய பயணக் கட்டுரைகளைப் படித்தால் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், வர்ணனை மிகக் குறைவு, தன்னைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு. பார்த்த மனிதரும் கேட்ட பேச்சும் முன்னால் நிற்கும். பயணம் சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் அவரைப் படிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரையே வெளியூர்க்காரர் ஒருவர் எப்படி வர்ணித்தார் என்பதும் நமக்குப் பாடம். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்த மால்யதா’ ஆண்டாளின் கதை. அதைத் தமிழாக்கியதற்காக 1989-இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. அந்தக் காவியத்தில் வில்லிபுத்தூர் வாய்க்கால் கரையில் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்குகின்றன. குளிக்க வந்த அந்தணர்கள் மறந்து விட்டுப்போன வேட்டிகள் என்று நினைத்து ஊர்க்காவலர்கள் எடுக்கப் போகிறார்கள், வாத்துகள் விழித்து ஓடுகின்றன, நெல்வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஊர் செழிப்பானது என்று அரசர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாத்துகளைக் காட்டியதால் ஐந்நூறு வருஷமாக அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல்கிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கேட்கிறவர் கெட்டிக்காரராக இருந்தால்தான் கதை வெளியே வரும். அதற்கு ஆண்டாளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் கடலில் பிறந்த சங்கிடம் பேசுவது. பெருமானின் வாயருகே இருந்துவிட்டு வந்தாயே, மணம் எப்படி, சுவை எப்படி என்று துருவித் துருவிக் கேட்கிறாள். பொதுவாக எப்படி இருந்தது என்று விட்டுவிடவில்லை. போய் வந்தவரிடம் நாமும் இப்படிக் கேட்க வேண்டும். கரையில் என்ன வாசம் அடித்தது, படகுக்காரர் எந்த மொழியில் பேசினார், காய்கறி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சூப்பர் என்று சொன்ன அதே மனிதர் கண்ணை மூடி யோசித்துவிட்டு நல்ல கதை சொல்வார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயணி ஒரு தீவில் இருப்பது சில மணி நேரம். அதற்குள் அந்த ஊர் மக்கள் இப்படிப்பட்டவர்கள் என்று தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது. 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’ போன்ற சொகுசுக் கப்பல்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கப்பலுக்குள்ளேயே கேளிக்கை எல்லாம் இருப்பதால் அம்பாந்தோட்டையும் திருகோணமலையும் காங்கேசன்துறையும் இடையில் வந்துபோகும் நிறுத்தங்கள் ஆகிவிடுகின்றன. கப்பலைப் பற்றி மட்டுமே சொல்லத் தெரிந்தால் கப்பலைப் பற்றியே சொல்லுங்கள், அதில் தவறில்லை. பார்க்காத ஊரைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம்.

 லட்சத்தீவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நுழைவு அனுமதிச் சீட்டு கட்டாயம், அதற்கு நாள் பிடிக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அக்டோபருக்குப் பிறகு போவதே நல்லது. ஒரு சின்ன நோட்டும் பேனாவும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் தெருப் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்து, கைபேசியை எடுக்காமல் சொல்லுங்கள். நம் இரண்டு ஊர் நூலகங்களும் மாதம் ஒருமுறை இதற்கென்று ஒரு மாலையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.