சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்



தம் உடலே பிறர் உதவியை நாடி நின்றபோதும் கிறிஸ்தவத் தொண்டைக் கைவிடாத ஒருவரைப் பற்றிச் சொல்ல விழைகிறேன்.

கேரளத்திற் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் அவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் மனமுடைந்து இறைவனையே நொந்திருந்தாலும் நாம் குறைகூற இயலுமா? டாக்டர் பால் பிராண்டு ஒரு வழி காட்டினார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே! மேரி அவ்வாறே நாற்காலியில் அமர்ந்து கத்தியை ஏந்தினார். ஊர் ஒதுக்கிய கைகள் மீண்டும் சோறு பிசைந்தன.

பின்னர் அவர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று மீண்டார். 1966-இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையமும் எழுந்தது. முதுகெலும்பு முறிந்து கிடந்தோரின் கட்டிலருகே, தம் நாற்காலியிலேயே அவர் வந்து சேர்வார்.