மண மோதிரம்: வாங்குமுன் சில வார்த்தைகள்

(பங்கின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தன்று, திருமணத்துக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் குடும்ப வழிகாட்டிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பொன்விழா ஆண்டில் பொன்னைப் பற்றியே பேசுங்கள் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் குழுவில் நகைப் பட்டறையில் அமர்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். நகைக் கடையில் கணக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த தாய்மாரும் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் கற்றதையும் கண்டதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். திருமணம் என்னும் அருட்சாதனம் நிறைவேறுவது மணமக்கள் இருவரும் மனமுவந்து தரும் சம்மதத்தால். மோதிரம் அந்தச் சம்மதத்தின் அடையாளம். அன்புக்கும் பிரமாணிக்கத்துக்கும் அடையாளமாக அது மந்திரிக்கப்பட்டு, ஒருவர் விரலில் ஒருவர் அணிவிக்கிறார்கள். அது எத்தனை கிராம் இருக்க வேண்டும், என்ன கல் பதித்திருக்க வேண்டும் என்று திருச்சபை விதி எதுவும் வகுக்கவில்லை. வெள்ளி மோதிரம் மாற்றிக்கொண்டவர்களின் திருமணம் வைர மோதிரம் மாற்றிக்கொண்டவர்களின் திருமணத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. விதி இல்லாத இடத்தில் நாமே ஒரு விதியைச் செய்துகொண்டோம். அதற்காகப் பல குடும்பங்கள் இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கின்றன.

நாள்தோறும் விரலில் கிடக்கத் தக்கது, கடன்படாமல் வாங்கத் தக்கது. இந்த இரண்டும் உள்ள மோதிரமே நல்ல மோதிரம் என்பது எங்கள் கருத்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பொன்னையும் கல்லையும் பார்ப்போம்.

பொன்

கலப்பில்லாத தங்கம் 24 காரட். அது மிகவும் மிருதுவானது. அதில் செய்த மோதிரம் விரைவில் நெளியும், தேயும். ஆகவே செம்பு, வெள்ளி முதலியவற்றைக் கலக்கிறார்கள். 22 காரட்டில் 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். 18 காரட்டில் 750 பங்கு. 14 காரட்டில் 585 பங்கு. கல் இல்லாத மோதிரத்துக்கு 22 காரட் ஏற்றது. அவசரத்துக்கு விற்கப் போனாலும் எந்த ஊரிலும் மதிப்புண்டு. வைரம் பதிப்பதானால் கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகள் உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் 18 காரட்டில் செய்கிறார்கள். அது குற்றமல்ல. ஆனால் விலை போடும்போது 18 காரட் விலைதான் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அந்நாளில் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்த்தார்கள். இன்று அரசின் தர முத்திரை இருக்கிறது. 2021 ஜூன் முதல் நாட்டின் பல மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாயிற்று. முத்திரையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். சின்னம், 22கே916 என்பது போன்ற தூய்மைக் குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாள எண். 2023 ஏப்ரல் முதல் இந்த ஆறிலக்க எண் உள்ள நகைகளையே ஹால்மார்க் நகையாக விற்கலாம் என்பது சட்டம். அந்த எண்ணைக் கைப்பேசியில் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் செயலியில் போட்டால் நகையின் விவரம் தெரிந்துவிடும். கடையை விட்டு இறங்குமுன் பாருங்கள்; வெட்கப்பட வேண்டாம்.

இங்கே மோதிரம் வாங்குவோர் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. மெல்லிய மோதிரங்கள் பல இந்த அளவுக்குள் அடங்கிவிடும். எனவே சிறிய மோதிரம் வாங்குகிற ஏழைக் குடும்பமே அதிகக் கவனமாய் இருக்க வேண்டியிருக்கிறது. முத்திரையுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் காரட் அளவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ‘கே.டி.எம்.’ என்ற எழுத்தைக் காட்டினால் ஏமாற வேண்டாம். அது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்ததைக் குறிக்கும் பழைய பெயர். தூய்மைக்கு அத்தாட்சி அல்ல. காட்மியப் புகையோ வேலை செய்கிற ஆசாரியின் நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது செய்கூலியும் சேதாரமும். 4 கிராம் மோதிரத்துக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால், 4.480 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று பொருள். திரும்ப விற்கும்போது அந்த 480 மில்லிகிராம் உங்களுக்கு வராது. வேலைப்பாடு மிகுந்தால் சேதாரமும் மிகும். எளிய வளைய மோதிரத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி தங்கமாகவே உங்களிடம் நிற்கும். கல் வைத்த மோதிரமானால் மொத்த எடை, கல்லின் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் பில்லில் தனித்தனியே இருக்கட்டும். கல்லுக்குத் தனியே விலை வாங்கிவிட்டு, அதே கல்லைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்தும் பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

வெள்ளை உலோகங்கள்

இக்கால இளைஞர்கள் வெண்மையான மோதிரத்தை விரும்புகிறார்கள். வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் ஒன்றல்ல. வெள்ளைத் தங்கம் என்பது நிக்கலோ பல்லேடியமோ கலந்து நிறம் மாற்றிய தங்கம்; பெரும்பாலும் மேலே ரோடியம் பூச்சு இருக்கும். சில ஆண்டுகளில் பூச்சுத் தேய்ந்து இளமஞ்சள் தெரியும். மீண்டும் பூச வேண்டும். நிக்கல் சிலர் தோலுக்கு ஒவ்வாது. பிளாட்டினம் தனி உலோகம். மோதிரத்தில் 1000 பங்குக்கு 950 பங்கு இருப்பது வழக்கம். தங்கத்தைவிட அடர்த்தி மிகுந்ததாகையால் அதே அளவு மோதிரம் எடை கூடி நிற்கும். உழைக்கக் கூடியதே. ஆனால் சிற்றூர்களில் அதைத் திரும்ப வாங்குவோரும் பழுது பார்ப்போரும் அரிது. வெள்ளியில் 925 தரம் மோதிரத்துக்கு ஏற்றது. அது கறுக்கும், துடைத்தால் மறுபடி மின்னும்.

வைரம்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை, உலகுக்கு ஏறக்குறைய எல்லா வைரமும் நம் நாட்டிலிருந்தே சென்றது. ஆயினும் மணநிச்சயத்துக்கு வைரம்தான் வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோர் தந்ததல்ல. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களை ஆண்ட டி பீர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் ஓர் அமெரிக்க விளம்பர நிலையம் எழுதிய வாசகம், வைரம் என்றென்றும் நிலைக்கும் என்பது. அந்தச் சொற்கள்தான் உலகெங்கும் மணமக்களை வைரக் கடைக்கு அழைத்து வந்தன. அதை எழுதிய பிரான்சஸ் கெரட்டி அம்மையார் மணமாகாமலே வாழ்ந்து மறைந்தார்!

வைரம் வாங்குகிறவர் நான்கைப் பார்க்க வேண்டும்: எடை, நிறம், தெளிவு, பட்டை. வைரத்துக்குக் காரட் என்பது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம். அதன் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். தங்கத்தின் காரட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கல் பெரிதாகப் பெரிதாக விலை தாவி ஏறும். ஒரு காரட் கல் ஒன்றின் விலைக்குப் பத்து சென்ட் கற்கள் பத்துக்கு மேலேயே வாங்கலாம். நிறத்தை ‘டி’ முதல் ‘இசட்’ வரை எழுத்தால் குறிக்கிறார்கள். ‘டி’ நிறமே இல்லாதது. தெளிவு என்பது உள்ளே உள்ள புள்ளி, கீறல்களைப் பற்றியது. பல கற்களில் அவை உருப்பெருக்கிக் கண்ணாடியில்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குறைக்காக அதிக விலை கொடுப்பதைவிடப் பட்டை நன்றாகத் தீட்டிய கல்லுக்குக் கொடுப்பது மேல். ஏனெனில் வைரத்தின் ஒளி பட்டையில் இருக்கிறது.

நம் பாட்டிமார் ‘ப்ளூ ஜாகர்’ என்று பெருமையாகச் சொன்ன கல், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது. அச்சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. புதிதாக வந்த ப்ளூ ஜாகர் என்று யாரேனும் சொன்னால் அதை வியாபாரப் பேச்சென்று கொள்ளுங்கள். ‘அமெரிக்கன் டைமண்ட்’ வைரமே அல்ல. அது சிர்கோனியா என்னும் செயற்கைக் கல். மாய்சனைட் என்னும் கல்லோ, கடைகளில் தொட்டுப் பார்க்கும் வெப்பக் கருவிக்கும் வைரம்போலவே காட்டும். எனவே ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வுக்கூடங்களின் சான்றிதழோடு வாங்குவதே பாதுகாப்பு.

இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் பெருகி வந்துவிட்டது. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன விஞ்ஞானிகள் இதற்கு வழி கண்டார்கள். அதுவும் கரியால் ஆன உண்மை வைரமே. வெறுங்கண்ணால் வேறுபாடு காண முடியாது. விலை மிகக் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு இன்னும் இறங்கியிருக்கிறது. அழகுக்காக வாங்கலாம், சேமிப்பென்று எண்ணி வாங்கக் கூடாது. சுரங்க வைரத்துக்கும் கொடுத்த விலை அப்படியே திரும்புவது அரிது. திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னால், எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள்.

மனச்சாட்சிக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. 1990களில் சியரா லியோன், அங்கோலா நாடுகளில் உள்நாட்டுப் போருக்கு வைரம் விற்ற பணம் பயன்பட்டது. இதைத் தடுக்கவே 2003இல் கிம்பர்லி சான்று முறை வந்தது. கல் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்பதில் தவறில்லை.

மாப்பிள்ளை மோதிரம்

இறுதியாக, சொல்லக் கசப்பான ஒன்று. மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்பது நம்மிடையே பெருகி வருகிறது. பாசத்தால் தானே கொடுப்பது வேறு. கேட்டு வாங்கினால் அது வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கி மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் போட்டது. இரண்டாம் ஆண்டு பிரசவச் செலவுக்கு அந்த மோதிரத்தையே அடகு வைக்கக் கொண்டு போனார்கள். அடகு பிடிப்பவர் கல்லுக்குரிய எடையைக் கழித்துவிட்டு, தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போட்டார். வங்கியானாலும் அப்படித்தான், நகைக் கடனில் கல்லுக்கு மதிப்பில்லை. அன்று கைக்கு வந்த பணம், அவர்கள் பட்ட கடனில் சிறு பங்குகூட இல்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் இன்னும் வட்டி கட்டுகிறார். மோதிரம் போட்ட மகிழ்ச்சி ஒரு நாள். அதற்குப் பட்ட பாடு எத்தனை ஆண்டு?

ஆகவே பெற்றோரே, மோதிரத்தைப் பேரம் பேசும் பொருளாக்காதீர்கள். இளைஞர்களே, ‘எனக்கு எளிய மோதிரம் போதும்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. கடைக்குப் போகுமுன் இருவர் வீட்டாரும் கூடி, செலவிடும் தொகையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அளவு எடுக்கும்போது வெயில் நேரத்தில் விரல் சற்று வீங்கும் என்பதை நினைவில் வையுங்கள். மோதிரம் மூட்டைத் தாண்டி நுழைய வேண்டும், தானே நழுவவும் கூடாது. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்குவது கடினம். இயந்திரத்திலும் மின்சாரத்திலும் வேலை செய்கிறவர்கள், பணி நேரத்தில் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். மாட்டிக்கொண்டால் விரலே போய்விடும்.

வைரம் கடினமானது, ஆனாலும் ஓங்கி ஓர் அடி பட்டால் பிளந்துவிடும். பொன் தேயும், வெள்ளி கறுக்கும். தேய்ந்த மோதிரத்தோடு ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதியர் இந்த மண்டபத்திலேயே நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் விரல்களைப் பாருங்கள். எந்த மோதிரம் வாங்கலாம் என்ற கேள்விக்கு எங்களைவிட அவர்கள் நன்றாகப் பதில் சொல்வார்கள்.