ஏழாவதாக வந்தவளுக்குத் தங்கம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும் மேடம், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். நான் உடற்கல்வி ஆசிரியை. இருபத்தாறு வருஷமாக அம்பத்தூர், ஆவடி பக்கத்துப் பள்ளிகளில் விசில் ஊதிக்கொண்டிருப்பவள். எனக்குத் தெரிந்தது மைதானம்தான். அதனால் ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

அந்தப் போட்டியின் பெயர் ஹெப்டத்லான். பெண்களுக்கான போட்டி. இரண்டு நாளில் ஏழு விளையாட்டு. முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர் ஓட்டம். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியாக 800 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் நீங்கள் எடுத்த நேரத்துக்கும் தூரத்துக்கும் தகுந்தபடி புள்ளி உண்டு. ஏழையும் கூட்டினால் யாருக்கு அதிகமோ, அவருக்குத் தங்கம். முன்பு ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானாக இருந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் ஏழாக வந்தது.

"நாங்க தினம் வீட்டுல ஓடுறது ஹெப்டத்லான் இல்லாம என்ன?" என்று முன் வரிசையில் ஒரு தோழி முணுமுணுப்பது காதில் விழுகிறது. (சிரிப்பு) ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறதம்மா. ஹெப்டத்லானில் ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவே குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. செய்த ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். நம் வீட்டில் இரண்டும் கிடையாது! (சிரிப்பு, கைதட்டல்)

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட் 28, 29 தேதிகளில், ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்வப்னா பர்மன் என்ற இந்தியப் பெண் ஹெப்டத்லானில் தங்கம் வென்றார். இந்தப் போட்டியில் ஆசியத் தங்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். வயது 21. ஊர், மேற்கு வங்கத்தில் ஜல்பாய்குரி. அப்பா ரிக்ஷா வண்டி இழுத்தவர். பக்கவாதம் வந்து படுத்தவர். அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தப் பெண்ணுக்கு இரண்டு காலிலும் ஆறாறு விரல். கடையில் கிடைக்கும் ஷூ எதுவும் சரியாகப் பொருந்தாது, போட்டால் வலி. போதாததற்கு ஜகார்த்தாவில் கடுமையான பல்வலி வேறு. கன்னத்தில் பட்டை ஒட்டிக்கொண்டே ஏழு போட்டியும் முடித்தார்.

இதெல்லாம் பேப்பரில் வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நான் சொல்ல வருவது அவருடைய மார்க் ஷீட்டை. தடை ஓட்டத்தில் 13.98 வினாடி, 981 புள்ளி, ஐந்தாவது இடம். உயரம் தாண்டுதலில் 1.82 மீட்டர், 1003 புள்ளி, முதலிடம். குண்டு எறிதலில் 707, இரண்டாவது. 200 மீட்டரில் 26.08 வினாடி, 790 புள்ளி, ஏழாவது இடம். கேட்டீர்களா, ஏழாவது! மறுநாள் நீளம் தாண்டுதலில் 865, இரண்டாவது. ஈட்டி எறிதலில் 50.63 மீட்டர், 872 புள்ளி, முதலிடம். 800 மீட்டரில் 808, நான்காவது. கூட்டினால் 6026. சீனாவின் வாங் சிங்லிங் 5954 எடுத்து வெள்ளி வாங்கினார்.

கடைசி ஓட்டத்துக்கு முன்னால் ஸ்வப்னாவுக்கு 64 புள்ளி முன்னிலை. 800 மீட்டரில் அது சுமார் ஐந்து வினாடிக்குச் சமம். சீனப் பெண் முன்னால் போகட்டும். ஐந்து வினாடிக்கு மேல் இடைவெளி விழாமல் ஓடினால் போதும். அவர் அதைவிட நன்றாகவே ஓடினார். இந்தக் கணக்கில் இன்னொரு சுவாரஸ்யம். உயரம் தாண்டுதலில் 1.79க்குப் பதில் 1.82 தாண்டினால் 37 புள்ளி கூடும். அந்த மூன்று சென்டிமீட்டர், 800 மீட்டர் ஓட்டத்தில் கிட்டத்தட்ட மூன்று வினாடியை உங்களுக்குச் சேமித்துக் கொடுக்கும்.

இந்தப் பாதையில் ஸ்வப்னாவுக்கு முன்னால் நடந்தவர்களும் உண்டு. 2002 பூசானிலும் 2006 தோஹாவிலும் சோமா பிஸ்வாஸ் வெள்ளி, ஜே.ஜே. ஷோபா வெண்கலம். கர்நாடகத்தில் பிறந்த ஷோபா, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறியும்போது கணுக்காலில் அடிபட்டுத் தூக்கிச் செல்லப்பட்டார். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து 800 மீட்டரை ஓடி முடித்து, மொத்தத்தில் 11வது இடம் பிடித்தார். ஏன் வந்தார்? ஒரு போட்டியில் இறங்காமல் விட்டால் அதுவரை சேர்த்ததெல்லாம் வீண். இங்கே "ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது.

கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் இங்கிலாந்தின் காட்டரினா ஜான்சன்-தாம்சன் பதக்கம் வாங்கும் நிலையில் இருந்தார். நீளம் தாண்டுதலில் மூன்று முறையும் ஃபவுல். பதக்கம் போயிற்று. அதே பெண் 2019 தோஹாவில் 6981 புள்ளி எடுத்து உலக சாம்பியன் ஆனார். இன்னொன்று: 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தெலங்கானாவின் நந்தினி அகசாரா 5712 எடுத்து வெண்கலம் வாங்கினார். நான்காவதாக வந்தவர் நம் ஸ்வப்னா, 5708. நாலே நாலு புள்ளி! 800 மீட்டரில் அது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது நம் கொரட்டூருக்கு வருவோம். நம் பள்ளிகளில் பிள்ளைகளை எப்படித் தேர்வு செய்கிறோம்? குறுவட்டப் போட்டிக்கு முன்னால் 100 மீட்டர் ஓட விடுவோம். முதல் மூன்று பேர் பெயரை எழுதிக்கொள்வோம். மற்றவர்கள் கிளாசுக்குப் போகலாம். இந்த முறையில் ஸ்வப்னா ஓடியிருந்தால் அவரும் கிளாசுக்குத்தான் போயிருப்பார்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். ஏரிக்கரைப் பக்கம் வீடு. அம்மா எஸ்டேட்டில் தையல் வேலை. இவள் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தாள். ஆனால் தாண்டச் சொன்னால் தாண்டுகிறாள், குண்டைக் கையில் கொடுத்தால் எறிகிறாள், 800 மீட்டர் ஓடிவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கிறாள். நல்ல ஷூ வாங்கிக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். "அஞ்சாவதா வந்தவளுக்கு எதுக்கு டீச்சர் ஷூ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை; மாசச் சம்பளத்தை மனசில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு தாளில் ஸ்வப்னாவின் ஏழு மார்க்கையும் எழுதிக் காட்டினேன். ஏழாவது இடம் என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர், இந்த ஒரு வருஷம் பார்க்கிறேன்" என்றார்.

ஒரு வருஷம்தான் கிடைத்திருக்கிறது. அதற்குள் அவளுக்கு உயரம் தாண்டுதல் முறையாகப் பழக்க வேண்டும். இப்போது மணல் குழியில் தாண்டுகிறாள். மணலில் காலை முதலில் தூக்கிப் போட்டு நின்றபடிதான் இறங்க முடியும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி காட்டிய முறை, இன்று உலகம் முழுதும் தாண்டும் முறை, முதுகு கீழே விழுவது. மணலில் முதுகைக் கொடுத்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கனமான பஞ்சு மெத்தை வேண்டும். அதற்கு நேரு ஸ்டேடியம் போகலாம். ஆனால் விடியுமுன் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, பயிற்சி முடித்து, ஒன்பது மணிக்குள் பள்ளிக்கு வர வேண்டும். இருட்டில் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப அந்த அம்மா தயங்குகிறார். நானாக இருந்தாலும் தயங்குவேன்.

இதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். இந்த ஒன்றுகூடலின் நினைவாக நிதி திரட்டி நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. வளைவு அழகுதான். ஆனாலும் என் வேண்டுகோளைப் பரிசீலியுங்கள். அந்த நிதியில் நம் கல்லூரி மைதானத்துக்கு ஓர் உயரம் தாண்டும் மெத்தை வாங்குவோம். நம் மாணவிகள் மாலையில் பயன்படுத்தட்டும். சனி, ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை பக்கத்துப் பள்ளிப் பெண்களுக்கும் திறந்து விடுவோம். முதல்வர் அனுமதித்தால் பயிற்சிக்கு நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். அளவு நாடா பிடிக்கவும் ஸ்டாப் வாட்ச் அழுத்தவும் பழைய மாணவர்கள் முறை வைத்து இரண்டிரண்டு பேர் வந்தால் போதும்.

வெளியார் உதவி என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்வப்னாவின் ஷூ கதை தெரிந்ததும், 2018 செப்டம்பரில் அளவெடுத்த ஷூ ஏற்பாடு செய்ய முன்வந்தவர்களில் ஒருவர் நம் வில்லிவாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐ.சி.எஃப். பிறகு அடிடாஸ் நிறுவனமும் அவர் காலுக்கென்றே ஷூ செய்து கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அது தங்கம் வாங்கிய பிறகு வந்தது. வாங்குவதற்கு முன்னால், ஐந்தாவதாக வந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கலாமே.

தங்கையரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பாடத்தில், ஒரு இன்டர்வியூவில் பின்தங்கினால் பெயரை நீங்களே அடித்துவிடாதீர்கள். ஹெப்டத்லானில் 800 மீட்டர் முடிந்ததும் ஜெயித்தவர், தோற்றவர் எல்லோரும் கை கோர்த்து ஒன்றாக மைதானத்தைச் சுற்றி வருவது வழக்கம். ஏழையும் முடித்தவர்களுக்குத்தான் அந்தச் சுற்று.

தீர்மானம் மதிய உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளப்படும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு யாரும் நழுவிவிடாமல் இருந்து கை தூக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.