எடைக்கல் யார் கையில்?



சென்ற ஆண்டு என் பள்ளித் தோழர் தம் தாயார் மறைந்த செய்தியைச் சமூக ஊடகத்தில் போட்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. இடைப்பட்ட நாள்களில் நான் கைப்பேசியைப் பார்க்காமல் இல்லை. வேட்டி விளம்பரமும், முன்பின் அறியாத இருவர் வசைபாடிக்கொள்ளும் காணொளியும் நாள் தவறாமல் வந்தன. அந்த அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். துக்கத்துக்குப் போகாதது இன்றும் உறுத்துகிறது. எனக்கு எது முன்னே வரவேண்டும், எது பின்னே போகவேண்டும் என்று முடிவு செய்தது யார்? இந்தக் கருத்தரங்கின் கேள்வியும் அதுவே.

பேஸ்புக்கை எடுத்துக்கொள்வோம். அதன் தாய் நிறுவனமான மெட்டா 2023-இல் ஈட்டிய ஏறத்தாழ 13,500 கோடி டாலரில் 13,200 கோடி விளம்பரத்தில் வந்தது. நாம் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை விளம்பரம் விற்கும். ஆகவே நம்மைப் பிடித்து வைக்கக்கூடிய பதிவுக்குக் கூடுதல் மதிப்பெண். மதிப்பெண் மிகுந்தது மேலே வரும். 2017-இல் கோபம், சோகம், வியப்பு முதலிய முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டது. கோபக் குறி குவிந்த பதிவுகளில் பொய்யும் நச்சுப் பேச்சும் மிகுந்திருப்பதை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள். 2020-இல்தான் கோபத்தின் மதிப்பு பூஜ்யமானது. முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹௌகன் 2021-இல் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிந்தது.

நம் ஊர்ச் சந்தையில் தக்காளி விற்பவரின் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை வேண்டும், இல்லையென்றால் அபராதம். கோடிக்கணக்கானோரின் கோபத்தையும் துக்கத்தையும் நிறுக்கும் கல்லை மட்டும் இங்கே ஏன் எவரும் சோதிப்பதில்லை? விளம்பரம் விற்கட்டும், கல்லைக் காட்டிவிட்டு விற்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கிவிட்டது. நம் நடத்தையைக் கணித்து அமைக்காத பதிவு வரிசை ஒன்றையும் பெருந்தளங்கள் தரவேண்டும் என்ற விதி அங்கே 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் தரவு கேட்டுப் பெறவும் அந்த விதியைக் கொண்ட சட்டத்தில் வழி உண்டு. ஆனால் பதிவுகளின் பரவலைக் கண்டறிய உலகெங்கும் ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது.

கதவு மூடினாலும் ஆய்வு நிற்க வேண்டியதில்லை. மாணவர்களே, ஒரே ஊரில் இருபது பேரின் சம்மதம் பெற்று, ஒரு வாரம் அவர்கள் கைப்பேசியில் வந்தவற்றைக் குறித்து வையுங்கள். வராமல் போனவற்றை அவர்களுடைய நண்பர்களிடம் கேட்டுக் குறியுங்கள். தமிழில் எழுதப்படுவது எந்தக் கல்லால் நிறுக்கப்படுகிறது என்பதற்கு அதுவே முதல் சான்றாகும். வந்ததைவிட வராததன் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். யாரோ ஒருவரின் தாயார் அதில் இருக்கக்கூடும்.

அந்த அக்கறையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.