சேர்த்தால் மட்டும் போதுமா?

(பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இக்கோயிலை எழுப்பிய முன்னோர்களை நன்றியோடு நினைவுகூர்ந்தோம். இனி, கோயிலுக்குத் தெற்கே குடிசைகளில் வாழும் பிள்ளைகளைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இப்பங்கின் பொறுப்பை நாம் ஏற்ற முதல் ஆண்டு ஜூன் மாதத்தில், படிக்காதிருந்த 11 பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம். பையும் சிலேட்டும் வாங்கிக் கொடுத்தோம், படமும் எடுத்துக்கொண்டோம். பொங்கல் கழிந்து பள்ளிக்குச் சென்றபோது 9 பேரின் இடம் காலியாக இருந்தது. பெற்றோர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளும் கூடவே போய்விட்டார்கள். எஞ்சிய இருவர் பாட்டி வீட்டில் தங்கியவர்கள். சேர்த்ததைக் கொண்டாடிய நாம், அவர்கள் தொடர்ந்து படிக்க வழி செய்யவில்லை. குற்றம் நம்முடையதே.

சூளையின் கணக்கு வேறு. தை பிறந்தால் வேலை. மழை வந்தால்தான் ஓய்வு. கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. வாங்கிய முன்பணம் கழிய வேண்டுமானால் வீடே உழைக்க வேண்டும். சிறு பிள்ளையும் காயும் கல்லைப் புரட்டிப் போடும். இல்லையேல் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆண்டுதோறும் பின்பாதி பாழானால், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடமும் வராது. பிறகு வெட்கப்பட்டுத் தானே நின்றுவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும்.

இதை அறியாத ஒரு தாய், சூளைக்கு அருகிலிருந்த பள்ளியில் மகளைச் சேர்க்கப் போனாள். "டி.சி. கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் நாமே உடன் சென்று சட்டத்தை எடுத்துச் சொன்னோம், அன்றே சேர்த்துக்கொண்டார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை, கைப்பிடித்து அழைத்துப் போக ஆள்தான் இல்லை.

1597-இல் உரோமை நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார் புனித ஜோசப் கலசான்ஸ். பொருளில் வறியோரையும், குடும்ப ஆதரவு அற்றோரையும், நம் விசுவாசத்தைச் சேராதோரையும் கல்விப் பணியில் மறவாதீர் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் வேண்டிக்கொண்டது. ஆகவே சாதி, மதம் பாராமல் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, மார்கழியிலேயே அன்பியந்தோறும் வீடு வீடாகச் சென்று, சூளைக்குப் போகும் குடும்பங்களின் பட்டியல் எடுப்போம். இரண்டாவது, பாட்டி தாத்தாவிடம் தங்கும் பிள்ளைகளுக்குப் பங்கு மண்டபத்தில் மாலைப் பாடமும் இரவுச் சாப்பாடும் கொடுப்போம். மூன்றாவது, உடன் போகும் பிள்ளைகளைச் சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்க்க, நம்மில் ஒருவர் நேரில் போவோம்.

விழாச் செலவு போக மிஞ்சும் பணத்தில் கோபுரத்துக்கு மின்விளக்குப் போடலாம் என்று சிலர் ஆசைப்படுகிறீர்கள். தவறில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் முதலில் விளக்கு எரியட்டும். கோபுரம் ஓராண்டு பொறுத்துக்கொள்ளும்.

வருகிற பொங்கலுக்குப் பின் வகுப்பறையில் எத்தனை இடம் காலி என்று எண்ணிப் பார்ப்போம். நம் பொன்விழாவின் பலன் அங்கே தெரியும். இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.