கூட்டமைப்புக் கோப்பையும் நம் கூட்டமைப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"விளையாட்டும் பெண்களும்" என்று தலைப்பு கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், கபடி, கோ-கோ பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நான் டென்னிஸ் பற்றிப் பேசப் போகிறேன். "அது பணக்காரங்க ஆட்டமாச்சே டீச்சர், நமக்கு எதுக்கு?" என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியுது. பணம் செலவாகும் ஆட்டம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ஆட்டத்தில் பெண்கள் நாட்டுக்காக ஒரு அணியாகச் சேர்ந்து ஆடுகிற ஒரு போட்டி இருக்கு. அது நடக்கிற விதம் அப்படியே நம்ம குழு மாதிரி இருக்கும். அதனாலதான் இந்த மேடைக்கு அதைக் கொண்டுவந்தேன்.

அந்தப் போட்டிக்கு இப்போது பில்லி ஜீன் கிங் கோப்பை என்று பெயர். 1963-ல் லண்டனில் 16 நாடுகளோடு தொடங்கியபோது வைத்த பெயர் என்ன தெரியுமா? ஃபெடரேஷன் கோப்பை. ஃபெடரேஷன்னா நம்ம பாஷையில கூட்டமைப்பு. நம்ம பேருதான்!

ஆண்களுக்கு டேவிஸ் கோப்பை 1900-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கும் அப்படி ஒரு போட்டி வேண்டும் என்று 1919-ல் அமெரிக்காவில் ஹேசல் வைட்மேன் என்ற ஆட்டக்காரி கேட்டார். பிள்ளை பெற்ற பிறகும் அதே 1919-ல் அமெரிக்கச் சாம்பியன் பட்டம் வென்றவர் அவர். அவர் கேட்டது நடக்க 44 வருஷம் ஆச்சு. பெண்கள் கேட்டது எதுவும் முதல் தடவையே கிடைச்சதில்லைங்கிறது நமக்குப் புதுசா என்ன?

இப்போதைய பெயருக்குரிய பில்லி ஜீன் கிங் கதை இன்னும் நமக்கு நெருக்கம். 1970-ல் அமெரிக்காவில் ஒரு போட்டி. ஜெயிக்கிற ஆணுக்கு 12,500 டாலர் பரிசு, ஜெயிக்கிற பெண்ணுக்கு 1,500 டாலர். அதே பந்து, அதே வலை, அதே வெயில். ஒன்பது பெண்கள் "இது நியாயமில்ல"ன்னு எழுந்தாங்க. ஹூஸ்டன் நகரில் ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, தனியாகப் போட்டி நடத்தினாங்க. சங்கம் உங்களைத் தடை பண்ணிடும்னு மிரட்டினாங்க, அதுக்கும் அசரல. அந்த ஒரு டாலர்தான் வளர்ந்து 1973-ல் உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கமாக ஆனது. அதே வருஷம் அமெரிக்க ஓப்பன் போட்டியில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பரிசுத்தொகை என்று ஆனது. ஒன்பது பேர், ஒரு டாலர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாரத்துக்குப் பத்தும் இருபதுமாகச் சேமிக்கத் தொடங்கிய நமக்கு இது புரியாத கணக்கு இல்லை.

சரி, நம்ம இந்தியா எப்படி ஆடியிருக்கு?

முதலில் ஆட்டமுறையைச் சொல்லிடறேன். ஆசிய-ஓசியானியா பிரிவில் ஒரு நாட்டோடு மோதும்போது மூன்று ஆட்டம். இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூன்றில் இரண்டு ஜெயித்தால் நாடு ஜெயிக்கும். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரி ஒருத்தி உங்கள் அணியில் இருந்தாலும், அவள் ஒருத்தியால் ஒற்றையரில் ஒரு வெற்றிதான் தர முடியும். மிச்சத்துக்கு இன்னொருத்தி வேணும். நம்ம குழுவில் ஒருத்தி மட்டும் தவணை தவறாமல் கட்டினால் வங்கி நம்மைப் பார்க்காது இல்லையா, அதே மாதிரிதான்.

இந்தியப் பெண்கள் இந்தப் போட்டியில் முதன்முதல் இறங்கியது 1991-ல். அந்தப் பத்தாண்டில் இந்தியாவுக்காக ஆடியவர்களில் ஒருவர் நம்ம தமிழ்ப் பெண், கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன். அப்பாதான் பயிற்சியாளர். 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையரில் ஒரு சுற்றை வென்றார். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில், ஓப்பன் காலம் என்று சொல்கிற 1968-க்குப் பிறகு, ஒற்றையரில் முதன்மைச் சுற்று ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். இன்றைக்கு அதே கோவையிலிருந்து மாயா ராஜேஸ்வரன் என்ற பெண் வந்திருக்கிறாள். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த சர்வதேசப் போட்டியில் 15 வயதில் அரையிறுதி வரை போனாள்.

இந்தியா ரொம்ப காலம் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருந்தது. ஆசியாவுக்குள்ளேயே முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று படிகள் உண்டு. சரியாக ஆடாத வருஷம் கீழ்ப் படிக்குத் தள்ளிவிடுவார்கள். 2015 ஏப்ரலில் சானியா மிர்சா இரட்டையரில் உலக முதல் இடத்தைப் பிடித்தார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண். அடுத்த சில நாளிலேயே ஹைதராபாத்தில், இரண்டாம் பிரிவில் கிடந்த இந்திய அணிக்குத் தலைவியாக இறங்கினார். உலகத்தில் முதல் இடம், ஆசியாவில் இரண்டாம் பிரிவு! "நான் ஏன் இந்தக் கீழ்ப்படி ஆட்டத்துக்கு வரணும்"னு அவர் நினைக்கல. ஆடி, அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். நம்மில் வசதி வந்ததும் குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடும் சிலரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க.

2020 மார்ச், துபாய். முதல் மோதலில் சீனாவிடம் தோல்வி. "அவ்வளவுதான்" என்று எல்லோரும் நினைத்தபோது, உஸ்பெகிஸ்தான், தென் கொரியா, சீன தைபே, இந்தோனேசியா என்று வரிசையாக நான்கு வெற்றி. கடைசியாக இந்தோனேசியாவோடு மோதியபோது முதல் ஆட்டம் போய்விட்டது. அங்கிதா ரெய்னா இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்துச் சமன் செய்தார். அன்றைக்கே மறுபடியும் களத்தில் இறங்கி, சானியாவோடு சேர்ந்து இரட்டையரையும் ஜெயித்துக் கொடுத்தார். இந்தியா வரலாற்றிலேயே முதன்முறையாக உலக அளவிலான பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. மறு வருஷம் லாட்வியாவிடம் தோற்றது வேறு விஷயம்.

2025 ஏப்ரலில் புனேயிலும் அதே கதை. முதலில் நியூசிலாந்திடம் தோல்வி, பிறகு தாய்லாந்து, ஹாங்காங், சீன தைபே, தென் கொரியா நான்கையும் வென்று மறுபடியும் பிளே-ஆஃப். ஹைதராபாத் பெண் ஸ்ரீவள்ளி ரஷ்மிகா தன் ஒற்றையர் ஆட்டம் ஐந்தையும் ஜெயித்தார். அணியில் இருந்த பிரார்த்தனா தோம்ப்ரே, மகாராஷ்டிராவில் சோலாப்பூர் பக்கம் பார்ஷி என்ற சின்ன ஊர்க்காரர். நவம்பரில் பெங்களூரில் ஸ்லோவேனியா, நெதர்லாந்து இரண்டிடமும் தோற்றார்கள். மேலே போகவில்லை. ஆனாலும் முதல் தோல்வியிலேயே கலைந்து போகாத அணி என்பதை இரண்டு தடவை காட்டிவிட்டார்கள்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

துபாயில் ஆடிய சானியாவுக்கு அப்போது ஒன்றரை வயதுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மகன். 2018 அக்டோபரில் பிறந்த குழந்தை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தவர், 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் திரும்பி வந்தார். வந்த முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம். இரண்டு மாதம் கழித்து துபாயில் நாட்டுக்காக இறங்கினார். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் குழந்தை என்று அவர் நிற்கிற படம் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த வருஷம் தாய்மைக்குப் பின் திரும்பி வந்ததற்காக ஃபெட் கோப்பை இதய விருது கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். பரிசாகக் கிடைத்த 2,000 டாலரை கொரோனா நேரத்தில் தெலங்கானா முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தது அவருடைய உறுதி. ஆனா உறுதி மட்டும் போதாது, அக்கா. திரும்பி வரும்போது உட்கார இடம் இருக்கணும். செரீனா வில்லியம்ஸ் உலக முதல் இடத்தில் இருந்தவர். 2017-ல் மகளைப் பெற்றுவிட்டு மறுவருஷம் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பனுக்கு வந்தபோது, தரவரிசையில் நானூறுக்கும் கீழே போயிருந்தார். பெரிய ஆட்டக்காரிகளுக்கு ஒதுக்குகிற இடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. பிள்ளை பெற்றதற்கு அது தண்டனையா என்று உலகம் முழுக்கக் கேள்வி எழுந்தது. அதன்பின் பெண்கள் டென்னிஸ் சங்கம் விதியைத் திருத்தியது. பிரசவத்துக்காக விலகியவள், குழந்தை பிறந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள், தன் பழைய தரவரிசையைக் காட்டி 12 போட்டிகளில் நுழையலாம். 2025-ல் பேறுகால நிதி ஒன்றும் தொடங்கினார்கள். தகுதியுள்ள ஆட்டக்காரிகளுக்குப் பன்னிரண்டு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு.

இந்த இடத்தில் நம்ம பதிவேட்டைத் திறந்து பார்ப்போம். காரைக்கால் எப்படிப்பட்ட ஊர்? கிழக்கே கடல், மற்ற மூணு பக்கமும் தமிழ்நாடு. நம்ம மருமகள்களில் பாதிப் பேருக்குத் தாய் வீடு நாகூரிலும் பொறையாரிலும் மயிலாடுதுறையிலும் இருக்கு. தலைப்பிரசவத்துக்குப் போனா ஏழாம் மாசம் போய், பிள்ளைக்கு மூணு மாசம், அஞ்சு மாசம் ஆனபிறகுதான் வர்றா. அதுவரை கூட்டத்துக்கு வர முடியாது, சேமிப்பு நிக்குது, கடன் தவணை நிக்குது. நம்ம பஞ்சசூத்திரம் தெரியும் இல்லையா? முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாத திருப்பம், சரியான கணக்கு. தரம் பிரிக்கும்போது இதைத்தான் பார்க்கிறார்கள். உடனே யாராவது ஒருத்தி சொல்லிடுவா, "அவ பேரை எடுத்துட்டு வேற ஆளைச் சேர்த்துக்குவோம், நம்ம குழு மார்க்கு குறையுது"ன்னு. கைப்பிள்ளையோட திரும்பி வரும்போது, பணம் அதிகமாகத் தேவைப்படுகிற அந்த நேரத்தில், அவளுக்குக் குழு இல்லை. அப்போ மீட்டர் வட்டிக்காரனிடம்தான் போவாள்.

ஒழுங்கைக் கெடுக்காமலே இதைச் சரி செய்ய வழி இருக்கு. இந்தக் கூட்டமைப்பு தீர்மானமாகப் போட வேண்டும் என்று மூன்றைச் சொல்றேன்.

ஒன்று, பிரசவத்துக்குப் போகிறவளின் பெயரை ஒரு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது. தீர்மான நோட்டில் "பேறுகால விடுப்பு" என்று தேதி போட்டு எழுதி, மற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வராததற்கு அபராதம் கிடையாது.

இரண்டு, நின்றுபோன சேமிப்பை மெதுவாகக் கட்ட விட வேண்டும். மாதம் 200 ரூபாய் சேமிப்பு, ஆறு மாதம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 1,200 ரூபாய் பாக்கி. திரும்பி வந்தபின் மாதம் 100 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரே தடவையில் கேட்டால்தான் அவள் வராமல் போவாள்.

மூன்று, அவள் பங்கு வங்கித் தவணை மாதம் 1,000 ரூபாய் என்றால், அந்த ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாயைக் குழுவின் சொந்த நிதியிலிருந்து அவள் பேரில் உள்கடனாக எழுதிக் கட்டிவிடலாம். அவள் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கிக்குத் தவணை தவறாது, கணக்கும் சுத்தமாக இருக்கும், குழுவின் தரமும் குறையாது.

"அவளுக்காக நாங்க ஏன் சுமக்கணும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இரட்டையர் ஆட்டத்தைப் பாருங்கள். ஒருத்தி வலைக்கு முன்னால் ஓடினால் பின்பக்கம் காலியாகும். மற்றவள் அந்த இடத்துக்கும் சேர்த்து ஓடுவாள். அடுத்த பந்தில் இவள் ஓடுவாள், அவள் காப்பாள். இன்றைக்கு அடுத்த வீட்டு மருமகள், நாளைக்கு உங்க மகள். அவள் இன்னொரு ஊரில் இன்னொரு குழுவில் இருப்பாள். அந்தக் குழு அவள் பேரை வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பமாட்டீர்களா?

காரைக்காலுக்கு மாங்கனித் திருவிழா எப்படிப் பெருமையோ, அப்படி இந்தத் தீர்மானமும் பெருமையாகட்டும். இந்த மாதக் கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் இதை நிகழ்ச்சி நிரலில் வைத்துப் பேசி, ஒப்புக்கொண்டால் தீர்மான நோட்டில் ஏற்றுங்கள். இப்போது தாய் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தங்கச்சிக்கும் "உன் பேரு பதிவேட்டுல அப்படியேதான் இருக்கு, பிள்ளையத் தூக்கிட்டு வா"ன்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.